ஆறுமணிக்குருவியை அடையாளம் காண்பதில் நேரும் தவறுகள்

இந்தியில் இதற்கு 'நவரங்' என்று பெயர். ஒன்பது நிறம் என்ற அந்தப் பெயரை நம்பி நிறத்தைத் தேடுவதுதான் முதல் தவறு. புதர் நிழலில் பச்சை முதுகு மங்கிவிடும். தோளிலுள்ள நீலத் திட்டு வெயில் பட்டால்தான் மின்னும். வாலடிச் சிவப்பு பறவை திரும்பி நின்றால்தான் தெரியும். எந்த வெளிச்சத்திலும் கைகொடுப்பவை இரண்டு: கண் வழியே பிடரிவரை ஓடும் பட்டையான கருங்கோடு, வால் இருக்கிறதா என்று சந்தேகம் வருமளவுக்குக் குட்டையான வால். மைனாவைவிடச் சிறிய, சுமார் 19 செ.மீ. பறவை இது.

அதிகம் குழப்புவது செந்தலைப் பூங்குருவி. அதுவும் நிழலில் சருகைப் புரட்டித்தான் இரை தேடும். போதாக்குறைக்கு, தென்னிந்தியாவில் காணப்படும் அதன் உள்ளினத்துக்கு வெள்ளைத் தொண்டையும் முகத்தில் கருங்கோடுகளும் உண்டு. கோட்டின் திசையைக் கவனியுங்கள். பூங்குருவிக்கு அது கன்னத்தில் மேலிருந்து கீழாக இறங்கும். ஆறுமணிக்குருவிக்குக் கிடையாகப் பின்னோக்கிப் போகும், உச்சந்தலை நடுவிலும் இன்னொரு கோடு இருக்கும். பூங்குருவியின் முதுகு நீலச்சாம்பல், வாலும் நீளம்.

ஆறுமணிக்குருவி பறக்கையில் நீலமும் இறக்கையில் வெள்ளைத் திட்டும் பளிச்சிடுவதைப் பார்த்து வெண்தொண்டை மீன்கொத்தி என்று பலர் குறித்துவிடுகிறார்கள். மீன்கொத்திக்கு நீண்ட, தடித்த சிவப்பு அலகு, உருவமும் பெரிது.

இரை தேடும் நேரத்தில் மரக்கிளைகளை அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. தரையில் சருகு அசைகிறதா என்று பாருங்கள். விடியலிலும் அந்தியிலும் கேட்கும் இரட்டைச் சீழ்க்கைதான் நல்ல துப்பு. பகலில் குரல் இல்லை என்பதால் பறவையும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பதிவுசெய்த குரலை ஒலிபரப்பி வரவழைப்பது பறவைக்குத் தொல்லை, அதைச் செய்யாதீர்கள். ஆண், பெண் என்று பிரித்து எழுதவும் வேண்டாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றே.

பறவைக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. வலசை வரும் செப்டம்பர், அக்டோபரில் களைத்தோ கண்ணாடியில் மோதியோ வீட்டருகே விழும் பறவையை, யாரோ வளர்த்த வெளிநாட்டுக் குருவி என்று எண்ணிக் கூண்டில் அடைத்துவிடுகிறார்கள். இது காட்டுப் பறவை. வளர்ப்பது சட்டப்படி குற்றம். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். தெளிந்து எழுந்து நின்றால் அருகிலுள்ள புதர் ஓரத்தில், பூனை இல்லாத இடமாகப் பார்த்துப் பெட்டியைத் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.