தலைக்கணக்கு: சூப்பர்ஹீரோ படங்களின் வசூலை ஒப்பிடும் முறை

ஆனித் தேர் நிலைக்கு வந்த மறுநாள். வடக்கு ரத வீதியில் என் தங்கை வீட்டுத் திண்ணையில் அவளுடைய பேரன்கள் இருவரும் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் அதிகம் ஓடிய சூப்பர்ஹீரோ படம் எது என்பதுதான் வழக்கு. 2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 279 கோடி டாலர் வசூலித்தது, 1978இல் வந்த 'சூப்பர்மேன்' 30 கோடிதான், ஒன்பது மடங்கு, அதற்கு மேல் பேச்சில்லை என்றான் மூத்தவன். அந்தக் காலத்து டாலரும் இந்தக் காலத்து டாலரும் ஒன்றா என்று கேட்டான் இளையவன். கேட்டானே தவிர, அதற்கு மேல் கணக்குப் போட அவனுக்கும் தெரியவில்லை. "தாத்தா, நீங்கள் சினிமாக் கம்பெனியில் இருந்தவர்தானே, சொல்லுங்கள்" என்று என்னை இழுத்துவிட்டார்கள்.

இருந்தவன்தான். 1983 முதல் 2009 வரை திருநெல்வேலி, கன்னியாகுமரி ஏரியாவில் ஒரு விநியோகஸ்தரின் ரெப்பாக, அதாவது பிரதிநிதியாக, வேலை பார்த்தேன். தொழிலில் இந்த ஏரியாவை டி.கே. என்பார்கள். படப்பெட்டியோடு பஸ் ஏறி வள்ளியூர், திசையன்விளை, ஆலங்குளம், புளியங்குடி என்று போய் இறங்க வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும், டிக்கெட் புத்தகத்தின் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் குறித்துக் கழித்து, டி.சி.ஆர். என்கிற தினசரி வசூல் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணிக்கை முதலில், ரூபாய் அதற்கு அடுத்த கட்டத்தில். ஓர் ஊரில் வாசலில் வாங்கிய டிக்கெட்டைக் கிழிக்காமல் வைத்திருந்து அடுத்த காட்சிக்கு மறுபடி விற்றுக்கொண்டிருந்தார்கள். அறிக்கையில் பணம் பைசா பிசகாமல் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் தரை வகுப்பில் கால் வைக்க இடமில்லை. அன்று முதல் எனக்குப் பணத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது. உட்கார்ந்திருக்கும் தலையை எண்ணினால்தான் மனது ஆறும்.

வெவ்வேறு காலத்துப் படங்களை ஒப்பிடவும் அதே வழிதான். நாற்பது பக்க நோட்டு ஒன்றும் ஒரு பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கையில் கிடைத்த தொகை என்ன தொகை என்று கேளுங்கள். நம் ஊரில் மூன்று உண்டு. ஜன்னலில் வந்த முழுப்பணம் கிராஸ். வரி போக மிஞ்சியது நெட். அதில் தியேட்டர்காரர் பங்கு போக விநியோகஸ்தர் கைக்கு வருவது ஷேர். ஒருவர் கிராஸைச் சொல்ல, இன்னொருவர் ஷேரைச் சொல்லச் சண்டை மூண்டதை எத்தனையோ டீக்கடையில் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவிலும் இதே கூத்துதான். எழுபதுகள் வரை அங்கத்தியத் தொழில் பத்திரிகைகள் பெரும்பாலும் ஷேரைத்தான் அச்சிட்டன. 'சூப்பர்மே'னுக்கு ஒரு பழைய பட்டியலில் 8 கோடி டாலருக்குச் சற்று மேல் என்றும், இன்னொன்றில் 13 கோடியே 42 லட்சம் என்றும் இருந்தால் இரண்டும் பொய்யில்லை. முன்னது ஷேர், பின்னது கிராஸ். எல்லாப் படத்துக்கும் கிராஸையே எடுங்கள்.

அடுத்து, உலக வசூலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். மூத்தவனுக்கு இதில் கோபம் வந்தது. 'எண்ட்கேம்' சீனாவில் மட்டுமே 60 கோடி டாலருக்கு மேல் எடுத்தது. 1978இல் 'சூப்பர்மே'னுக்கு அந்தச் சந்தையே கிடையாது. ஓர் ஊரில் அணை கட்டிய பிறகு வந்த விளைச்சலையும் அதற்கு முந்தைய மானாவாரி விளைச்சலையும் தராசில் வைப்பது போலத்தான் அது. அமெரிக்கா, கனடா இரண்டையும் சேர்த்து ஒரே உள்நாட்டுச் சந்தையாகத்தான் அவர்கள் கணக்கெழுதுகிறார்கள். அந்த ஒரு தொகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'சூப்பர்மேன்' 13 கோடியே 42 லட்சம், 'எண்ட்கேம்' 85 கோடியே 84 லட்சம். ஒன்பது மடங்கு ஆறரை மடங்காக இறங்கிவிட்டது.

இந்த இடத்தில் ரூபாயாக மாற்றிவிடாதீர்கள். 1978இல் ஒரு டாலர் சுமார் 8 ரூபாய், 2019இல் சுமார் 70 ரூபாய். மாற்றிப் பெருக்கினால் ஆறரை மடங்கு வித்தியாசம் ஐம்பது மடங்கைத் தாண்டிவிடும். ரூபாய் சரிந்ததற்கெல்லாம் கதாநாயகனுக்கு மாலை போட்ட கதையாகும். மில்லியன் என்றால் பத்து லட்சம், பில்லியன் என்றால் நூறு கோடி என்று நோட்டின் அட்டையிலேயே எழுதிவையுங்கள். இளையவன் முதல் தடவை ஒரு பூஜ்யத்தைத் தொலைத்துவிட்டு, அமெரிக்கா முழுக்க 50 லட்சம் பேர்தான் 'சூப்பர்மேன்' பார்த்தார்கள் என்று முகம் வாடி உட்கார்ந்திருந்தான்.

இனி முக்கியமான கட்டம். வசூலை அந்த ஆண்டின் சராசரி டிக்கெட் விலையால் வகுக்க வேண்டும். அமெரிக்கத் தியேட்டர் உரிமையாளர் சங்கம் சராசரி விலையை ஆண்டுதோறும் வெளியிட்டு வந்திருக்கிறது. 1979இல் 2.51 டாலர், 1989இல் 3.97, 2002இல் 5.81, 2008இல் 7.18, 2019இல் 9.16.

'சூப்பர்மேன்' 1978இல் வந்த படமாயிற்றே, 1979 விலையை ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். படம் வெளியானது டிசம்பர் 15ஆம் தேதி. அந்த ஆண்டில் இரண்டு வாரம்தான் ஓடியது, மிச்சமெல்லாம் மறு ஆண்டில். 1978 விலையான 2.34ஆல் வகுத்தால் நாற்பது லட்சம் டிக்கெட் சும்மா கூடிவிடும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் வெளியான படங்களில் எப்போதும் இதைப் பாருங்கள். தீபாவளிப் படத்தின் பொங்கல் வாரக் கணக்கை எந்த ஆண்டில் எழுதுவது என்று எங்கள் அலுவலகத்திலும் ஒவ்வொரு ஆண்டும் தகராறு வரும்.

வகுத்துப் பார்த்தால் 'சூப்பர்மே'னுக்கு 5 கோடியே 35 லட்சம் டிக்கெட். 1989இன் 'பேட்மேன்' 25 கோடியே 12 லட்சம் டாலர் வசூல், டிக்கெட் 6 கோடியே 33 லட்சம். 2002இன் 'ஸ்பைடர்மேன்' 40 கோடியே 37 லட்சம், டிக்கெட் 6 கோடியே 95 லட்சம். 2008இன் 'தி டார்க் நைட்' 53 கோடியே 30 லட்சம், டிக்கெட் 7 கோடியே 42 லட்சம். 'எண்ட்கே'முக்கு 9 கோடியே 37 லட்சம் டிக்கெட். ஆறரை மடங்கு இப்போது இரண்டு மடங்குக்கும் கீழே வந்துவிட்டது.

இத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். நான் நிறுத்த மாட்டேன். ஊர் பெருத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆலங்குளத்தில் 400 டிக்கெட் போனதும் நெல்லைச் சந்திப்பில் 400 டிக்கெட் போனதும் ஒன்றாகிவிடுமா? அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 1979இல் ஏறத்தாழ 24 கோடியே 90 லட்சம் மக்கள். 1989இல் 27 கோடியே 40 லட்சம், 2002இல் 31 கோடியே 90 லட்சம், 2008இல் 33 கோடியே 70 லட்சம், 2019இல் 36 கோடியே 60 லட்சம். டிக்கெட்டை இதனால் வகுத்து நூறால் பெருக்கினால், நூறு பேருக்கு எத்தனை டிக்கெட் என்பது கிடைக்கும். நோட்டில் நான் எழுதிய வரிசை இது:

சூப்பர்மேன் – 21
பேட்மேன் – 23
ஸ்பைடர்மேன் – 22
தி டார்க் நைட் – 22
எண்ட்கேம் – 26

பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது ஆண்டுகள். பணம் ஆறரை மடங்கு ஏறியிருக்கிறது. தலைக்கணக்கோ 21க்கும் 26க்கும் நடுவில் தாமிரபரணிக் கோடைத் தண்ணீர் போல அசையாமல் கிடக்கிறது. ஒரு காலத்தின் மிகப் பெரிய சூப்பர்ஹீரோ படத்துக்கு நூற்றுக்கு இருபத்திச் சொச்சம் டிக்கெட் போகும் போலிருக்கிறது. ஒரே ஆள் மூன்று தடவை பார்த்தால் மூன்று டிக்கெட் என்பதையும் மறக்க வேண்டாம். பெரிய படம் என்ற பெயரால் மட்டும் இந்த எண் வந்துவிடாது. 2023இன் 'தி மார்வெல்ஸ்' அங்கே 8 கோடியே 45 லட்சம் டாலர்தான் எடுத்தது. டிக்கெட்டைப் பத்து டாலர் என்றே வைத்தாலும் நூற்றுக்கு இரண்டு சொச்சம்தான் தேறும்.

அந்த 26இலும் ஒரு குறை உண்டு. சராசரி விலை எல்லா வகைப் படத்துக்குமான சராசரி. முப்பரிமாணக் கண்ணாடிக்கும் ஐமேக்ஸ் திரைக்கும் கூடுதல் விலை வைத்து விற்ற படம் 'எண்ட்கேம்'. அதன் டிக்கெட் உண்மையில் சராசரியைவிட விலை கூடியதாகத்தான் இருந்திருக்கும். பத்து டாலர் என்று வைத்து மறுபடி வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு 23. 'பேட்மேன்' நின்ற அதே படியில் வந்து நிற்கிறது. ஆகவே அந்தப் படத்துக்கு ஒற்றை எண்ணாக எழுதாமல் 23 முதல் 26 வரை என்று எழுதுவதுதான் முறை. மூத்தவனிடம் சொன்னபோது என்னைக் கட்சி மாறியவன் போலப் பார்த்தான்.

வெளியான முதல் வார இறுதியின் வசூலை வைத்து ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'சூப்பர்மேன்' 508 தியேட்டர்களில் தொடங்கி முதல் வார இறுதியில் சுமார் 75 லட்சம் டாலர் எடுத்தது. 'எண்ட்கேம்' 4,662 தியேட்டர்களில் தொடங்கி 35 கோடியே 71 லட்சம் எடுத்தது. மொத்த வசூலைத் தொடக்க வசூலால் வகுத்தால் முன்னதற்கு 18 மடங்கு வரும். 'பேட்மே'னுக்கு 6, 'ஸ்பைடர்மே'னுக்கு மூன்றரை, 'எண்ட்கே'முக்கு 2.4. இதைப் பார்த்துவிட்டுப் பழைய படம்தான் நின்று ஓடியது, புதியது ஊதிவிட்ட பலூன் என்று சொல்லிவிடக் கூடாது. வெளியிடும் முறையே மாறிவிட்டது.

என் காலத்தில் ஒரு படத்துக்கு எங்கள் ஏரியாவுக்கு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் பிரதிகள் வரும். நெல்லை, நாகர்கோவில், தூத்துக்குடி பார்த்து முடித்த பிறகுதான் அம்பாசமுத்திரத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் பெட்டி போகும். திசையன்விளைக்கு வரும்போது பிரதியில் மழை பெய்யும், அவ்வளவு கீறல். அப்படி ஒரு படம் ஓர் ஆண்டு முழுக்க ஏரியாவைச் சுற்றும். இப்போது எல்லா ஊரிலும் ஒரே நாளில் போட்டு, வரக்கூடியவர்கள் எல்லாரையும் பத்து நாளில் வரவழைத்துவிடுகிறார்கள். வீட்டில் பார்க்கும் வசதியும் சேர்ந்துகொண்டது. 'பேட்மேன்' ஜூனில் வந்து அந்த நவம்பரிலேயே வீடியோ கேசட்டாகக் கடைக்கு வந்துவிட்டது. தொடக்க வசூல் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'பேட்மே'னின் வியாழன் இரவு முன்காட்சிப் பணத்தைத் தனியாக எழுதினார்கள். 'எண்ட்கே'முக்கோ வியாழன் இரவின் 6 கோடி டாலர் வெள்ளிக்கிழமைக் கணக்கிலேயே ஏறியிருக்கிறது.

மறுவெளியீட்டையும் கவனியுங்கள். 'எண்ட்கேம்' ஜூன் மாதக் கடைசியில் சில காட்சிகளைச் சேர்த்து மறுபடி வந்தது. ஜூலையில் 'அவதார்' படத்தின் உலக வசூலைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. 2021 மார்ச்சில் 'அவதார்' சீனாவில் மறுபடி திரைக்கு வந்து இடத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. அந்த வரிசையை மனப்பாடம் செய்தவர்கள்தான் பாவம்.

லாபக் கணக்கு வேண்டும் என்று கேட்டால் அது வேறு நோட்டு. 'சூப்பர்மேன்' சுமார் 5 கோடியே 50 லட்சம் டாலரில் எடுத்த படம், 'பேட்மே'னுக்கு 3 கோடியே 50 லட்சம் என்றும் அதற்கு மேல் என்றும் சொல்கிறார்கள். விளம்பரச் செலவு என்ன, பொம்மையும் சட்டையும் விற்ற பணம் எவ்வளவு, நடிகருக்குப் பங்கு எத்தனை என்று இழுத்துக்கொண்டே போகும். எங்கள் ஏரியாவில் 'படம் நஷ்டம்' என்று சொன்ன விநியோகஸ்தர்கள் அடுத்த மாதம் வீட்டுக்கு மாடி எடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அதில் நான் தலையிடுவதில்லை.

நம் ஊர் வசூலுக்கு இந்த முறையைக் கொண்டுவர நினைத்தால் ஒரு சிரமம் இருக்கிறது. தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு உண்டு. ஆகவே நம் டிக்கெட் விலை மற்ற விலைவாசியோடு சேர்ந்து ஏறியது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தந்த ஊரின் பழைய டி.சி.ஆர். கிடைத்தால் மட்டுமே துணிந்து வகுக்கலாம். நாட்களையும் பார்க்க வேண்டும். தென்காசியில் குற்றாலச் சாரல் தொடங்கிவிட்டால் இரவுக் காட்சிக்கு வெளியூர்க் கூட்டம் சேரும். நெல்லையில் தேரோட்டத்தன்று பகல் காட்சியில் ஈ ஓட்டலாம், இரவில் நாற்காலி போதாது.

வரிசையைப் பார்த்த பேரன்கள் இருவருக்கும் திருப்தியில்லை. தன் படம் முதலிடத்தில்தான் இருக்கிறது, ஆனால் இத்தனை குறைந்த வித்தியாசமா என்று மூத்தவனுக்கு வருத்தம். கடைசி இடமா என்று இளையவனுக்கு வருத்தம். தங்கை காபி கொண்டுவந்து வைத்தாள். "இதில் எதையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா தாத்தா?" என்று சிறியவன் கேட்டான்.

2002இல் தமிழ் பேசிய 'ஸ்பைடர்மேன்' பெட்டியோடு தென்காசிக்குப் போனேன். நாளைக்கு நான்கு காட்சி. வாசலில் எண்ணி முடித்து, ஜன்னலில் பணத்தைச் சரிபார்த்து, மேனேஜர் அண்ணாச்சியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போவதற்குள் இடைவேளை தாண்டியிருக்கும். கடைசி முக்கால் மணி நேரத்தை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். அந்தப் பையனைச் சிலந்தி எப்போது கடித்தது என்று இளையவன்தான் அன்றைக்கு எனக்குச் சொன்னான்.