ஜாம்பி சீசன் எழுதும் முன் கணக்கு நோட்டு போடுங்கள்

ஜாம்பிப் பேரழிவில் உயிர் தப்பியவர்களை வைத்து ஒரு சீசன் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் கதாபாத்திரங்களில் இருந்துதான் தொடங்குகிறார்கள். தலைவன், டாக்டர், கர்ப்பிணி, காட்டிக்கொடுக்கப்போகிறவன். மூன்றாவது எபிசோடிலேயே கதை நொண்ட ஆரம்பிக்கும். அந்த உலகத்தில் எது எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எப்போது தீரும் என்பது எழுதுபவருக்கே தெரியாததுதான் காரணம். தெரியாதபோது கதைக்கு வசதியான இடத்தில் பெட்ரோல் கிடைக்கும், வசதியான இடத்தில் தோட்டா தீரும். பார்ப்பவர் இதைக் கண்டுபிடிக்க இரண்டு எபிசோடு போதும். அதற்குப் பிறகு அவருக்குப் பயம் வராது.

ஆகவே ஒன்லைனுக்கும் (கதையின் ஒருவரிச் சுருக்கத்துக்கும்) முன்னால் ஒரு நோட்டைத் திறந்து கணக்கு எழுதுங்கள். இங்கே எடுத்துக்கொள்ளும் மாதிரி: 12 பேர், 8 எபிசோடு, கதைக்குள் ஓடும் காலம் 45 நாள். நோய் வெடித்த நாள் 'நாள் 1'. எல்லாக் காட்சித் தலைப்பிலும் இடம், பகல் அல்லது இரவு என்பதோடு 'நாள் 17' என்றும் எழுதிவிடுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இந்த எண்ணில்தான் தொங்கும்.

முதல் பக்கம்: ஜாம்பி விதிகள்

ஐந்து கேள்விகளுக்கு எண்ணோடு பதில் வேண்டும். எப்படித் தொற்றுகிறது? கடிபட்டவர் எத்தனை நேரத்தில் மாறுவார்? எதனால் சாகும்? எதை வைத்து இரையைக் கண்டுபிடிக்கிறது: ஒலியா, வாசனையா, பார்வையா? பசியிலோ அழுகியோ தானாக விழுமா, விழுமென்றால் எத்தனை நாளில்?

இதில் அதிகம் சொதப்புவது இரண்டாவது கேள்வி. துணைப் பாத்திரம் பத்து நிமிடத்தில் மாறிவிடுவார், முக்கியப் பாத்திரம் மட்டும் இரண்டு எபிசோடு தாக்குப்பிடித்துக் கண்ணீரோடு விடைபெறுவார். அந்த விடைபெறும் காட்சி உங்களுக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் விதியையே அதற்கு ஏற்றபடி முதலில் அமையுங்கள்: கழுத்தில் கடித்தால் 10 நிமிடம், கையில் கடித்தால் 8 மணி நேரம், காலில் 12. பிறகு முதல் எபிசோடிலேயே முக்கியமில்லாத ஒருவர் கையில் கடிபட்டு 8 மணி நேரத்தில் மாறுவதைக் காட்டிவிட வேண்டும். ஏழாவது எபிசோடில் அதே 8 மணி நேரம் வரும்போது, வசனமே இல்லாமல் பார்ப்பவர் கடிகாரம் பார்ப்பார்.

விதியை மீறாமலே அதிர்ச்சி கொடுக்க ஒரு வழி உண்டு. பாத்திரங்கள் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். 2019-இல் வந்த கொரியத் தொடர் 'கிங்டம்' முதல் சீசன் இதற்கு நல்ல பாடம். பகலில் பிணங்கள் அசைவதில்லை. எல்லோரும் சூரிய ஒளியே காரணம் என்று நம்புகிறார்கள். வெப்பநிலைதான் காரணம் என்பது ஆறாவது, அதாவது கடைசி எபிசோடில்தான் தெரிகிறது. விதி முதலில் இருந்தே ஒன்றுதான், புரிதல் மட்டும் மாறியது. அதனால்தான் அது ஏமாற்றுவேலையாகத் தெரியவில்லை.

மெதுவாக நடக்கும் ஜாம்பி ஏன் தோற்காது

'மெதுவாக நடப்பதைக் கண்டு யார் பயப்படுவார்கள்?' என்று கேட்பவர்கள் ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்க்க வேண்டும். மணிக்கு 2 கிலோமீட்டர் நடக்கும் கூட்டம் தூங்காது, உட்காராது, தண்ணீர் குடிக்காது. ஒரு நாளில் 48 கிலோமீட்டர். சுமை, குழந்தை, முதியவர் எல்லாம் சேர்ந்த மனிதக் கூட்டம் மணிக்கு 3 கிலோமீட்டர் வீதம் ஏழு மணி நேரம் நடந்தால் நாளுக்கு 20 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும்.

காலை 6 மணிக்கு உங்கள் ஆட்கள் கிளம்புகிறார்கள். ஜாம்பிக் கூட்டம் 10 கிலோமீட்டர் பின்னால். இடையிடையே ஓய்வெடுத்து மாலை 4 மணிக்கு 20 கிலோமீட்டர் முடிக்கிறார்கள். அந்தப் பத்து மணி நேரத்தில் பின்னால் வருவதும் 20 கிலோமீட்டர் நடந்திருக்கும். இடைவெளி அதே 10. இவர்கள் உட்கார்ந்த நிமிடத்தில் இருந்து அது சுருங்குகிறது. இரவு 9 மணிக்கு வாசலில் நிற்கும். அவர்கள் தூங்கலாமா, யாரை எழுப்புவது, நடக்க முடியாதவரை என்ன செய்வது என்று ஒரு முழு எபிசோடு இந்த ஐந்து மணி நேரத்துக்குள் இருக்கிறது. ஓட்டமோ துரத்தலோ தேவையில்லை.

ஒலிக்கும் இதேபோல் கணக்கு உண்டு. துப்பாக்கிச் சத்தம் ஏறக்குறைய 140 முதல் 170 டெசிபல். சைலன்சர் போட்டால் 20 முதல் 35 வரைதான் குறையும். சினிமாவில் கேட்கும் அந்த மெல்லிய 'ஃபுட்' சத்தம் நிஜத்தில் வராது. வாகனம், மின்விசிறி, கூட்டம் எல்லாம் நின்றுபோன உலகில் வெடிச்சத்தம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் தெளிவாகக் கேட்கும். வரைபடத்தில் சுட்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் போடுங்கள். விளிம்பில் நிற்பது வந்துசேர அரை மணி நேரம். ஆக, ஒரு குண்டு சுடுவது என்றால் முப்பது நிமிடத்துக்குள் அந்த இடத்தைக் காலிசெய்ய ஒப்புக்கொள்வது. பாத்திரங்கள் இதை ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டால் போதும், பிறகு துப்பாக்கியை எடுக்கும் கையே தயங்கும்.

தண்ணீர், சோறு, பெட்ரோல்

நோட்டின் கனமான பக்கம் இதுதான். இங்கே சோம்பல் கூடாது.

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளுக்கு 3 லிட்டர் என்று வையுங்கள். 12 பேருக்கு 36 லிட்டர், அதாவது 36 கிலோ எடை. இரண்டு நாள் தண்ணீரை மற்றச் சுமையோடு சுமந்துகொண்டு குழந்தைகளோடு நடப்பது பெரும்பாடு. அதனால் இந்தக் கூட்டம் ஆறு, ஏரி, கிணறு இவற்றை விட்டு ஒரு நாள் தூரத்துக்கு மேல் எளிதில் விலக முடியாது. கதையின் வழித்தடத்தை நீங்கள் முடிவு செய்வதில்லை, தண்ணீர் முடிவு செய்கிறது.

கிடைத்த தண்ணீரைச் சுத்தமாக்கக் கொதிநிலை வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். 2000 மீட்டருக்கு மேல் உயரமான மலையில் மூன்று நிமிடம். நெருப்பு என்றால் புகை, புகை என்றால் மற்ற மனிதர்கள். அதைத் தவிர்க்க வாசனை சேர்க்காத 6 சதவீத ப்ளீச் லிட்டருக்கு 2 சொட்டு விட்டு 30 நிமிடம் காத்திருப்பது உண்டு. தண்ணீர் கலங்கலாக இருந்தால் 4 சொட்டு. அந்த முப்பது நிமிடத்தைத் தாகத்தில் பொறுக்க முடியாதவர் யார்? அவருக்கு அடுத்த எபிசோடில் வயிற்றுப்போக்கு. அவரைக் காப்பாற்றுவது ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். ஆறு டீஸ்பூன் சர்க்கரைக்காக ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டிய காட்சி, ஆயுதக் கிடங்கைத் தேடிப் போகும் காட்சியைவிட நெஞ்சில் தைக்கும்.

உணவுக்கு நிவாரண முகாம்களின் அளவையே எடுத்துக்கொள்ளலாம்: ஆளுக்கு நாளொன்றுக்கு 2100 கலோரி. 12 பேருக்கு 25,200. அரிசியோ கோதுமை மாவோ 100 கிராமுக்குச் சுமார் 360 கலோரி தரும். அப்படியானால் நாளுக்கு 7 கிலோ. 50 கிலோ மூட்டை ஒரு வாரம். திரையில் மலைபோலத் தெரியும் மூட்டை ஏழே நாளில் காலி என்பதைப் பார்ப்பவருக்கும் உணர்த்துங்கள். இருவர் இறந்தால் தேவை நாளுக்கு 5.8 கிலோவாகக் குறையும், அடுத்த மூட்டை ஒன்றரை நாள் கூடுதலாக வரும். அதை அந்தப் பத்துப் பேரும் மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார்கள், ஒருவரும் வாய்திறக்க மாட்டார்கள். அந்த மௌனத்தை எழுதத் தெரிந்தால் வில்லன் பாத்திரமே தேவைப்படாது.

பெட்ரோலுக்கு ஆயுள் உண்டு. மூடிய கலனில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாங்கும். எத்தனால் கலந்தது அதைவிடச் சீக்கிரம் கெடும். டீசலையும் ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு மேல் நம்ப முடியாது. நமது 45 நாளுக்குள் எரிபொருள் கெடாது, எடுப்பதுதான் பிரச்சினை. பெட்ரோல் பங்கில் எரிபொருள் தரைக்கடித் தொட்டியில் இருக்கிறது, மின்சாரம் இல்லாமல் மேலே வராது. கைப்பம்பும் நீளமான குழாயும் வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் டேங்க் வாயிலில் தடுப்பு இருப்பதால் ரப்பர் குழாய் உள்ளே போகாது. கீழே படுத்து டேங்கில் ஓட்டை போட வேண்டும், ஒரு தீப்பொறி போதும் எல்லாம் முடிய. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 5 லிட்டர் எடுத்தால் 60 கிலோமீட்டர். மூன்று நாள் நடை ஒரு மணி நேரத்தில் முடியும், ஆனால் எஞ்சின் சத்தம் வழிநெடுக ஜாம்பிகளைக் கூட்டும். இரண்டாம் சீசனில் இரண்டு ஆண்டு தாண்டிக் குதிக்கும் எண்ணமிருந்தால் அங்கே கார் வேண்டாம், சைக்கிள் கொடுங்கள். மாதக்கணக்கில் நின்ற காரில் பேட்டரியும் செத்திருக்கும்.

தோட்டாக் கணக்கு எளிது: 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் பொதுவாக 15 முதல் 17, ரிவால்வரில் பெரும்பாலும் 6. எபிசோடு தொடக்கம், செலவு, மிச்சம் என்று மூன்று கட்டம் போதும்.

உடம்பும் மருந்தும்

ஒரு மருந்தை மட்டும் எடுத்து ஆழமாகச் செய்யுங்கள். இன்சுலின் நல்ல தேர்வு. மில்லிக்கு 100 யூனிட் உள்ள வகையில் 10 மில்லி குப்பியில் 1000 யூனிட். நாளுக்கு 40 யூனிட் தேவைப்படும் ஒருவருக்கு 25 நாள். ஃபிரிட்ஜ் இல்லாமல் அறைவெப்பத்தில் ஏறக்குறைய 28 நாள்வரை நம்பலாம். கடும் வெயிலில் அதுவும் கிடையாது. அதனால் நான்கு குப்பி கிடைத்தாலும் நான்கு மடங்கு ஆயுள் கிடைக்காது. குளிர்ச்சி இல்லாமல் அந்த நாள் கடந்த மருந்தை நம்ப முடியாது என்று அந்தப் பாத்திரத்துக்கே தெரிந்திருப்பதும், மற்றவர்கள் குப்பி கிடைத்த மகிழ்ச்சியில் இருப்பதும் ஒரே காட்சியில் நிற்கட்டும்.

தொடையின் பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடத்தில் உயிர் போகும். காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதிவைக்க வேண்டும். கை எலும்பு கூட 6 முதல் 8 வாரம், கால் எலும்புக்கு மாதங்கள். நாள் 20-இல் கால் முறிந்தவர் நாள் 45-இல் ஓடக் கூடாது. எட்டாவது எபிசோடில் அவர் ஓட வேண்டுமென்றால் முறிவை நீக்கிச் சுளுக்காக மாற்றுங்கள்.

படப்பிடிப்பு கதை வரிசையில் நடக்காது என்பதால் கன்டினியூட்டி ஆளுக்கும் (காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறாமல் பார்ப்பவருக்கும்) மேக்கப் குழுவுக்கும் நாள் எண்ணோடு ஒரு தாள் தர வேண்டும். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். 45 நாள் மழிக்காத தாடி ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். தினமும் 1000 கலோரி குறைந்தால் ஒரு மாதத்தில் 4 கிலோவரை இளைப்பார்கள். நடிகரை இளைக்கச் சொல்ல வேண்டியதில்லை, அதே சட்டையை ஓர் அளவு பெரிதாக இன்னொன்று தைத்து நாள் 25-க்குப் பிறகு மாட்டுங்கள். சாயம்போட்ட முடியின் வேர், உடைந்த நகம், புருவம் இவற்றை மறந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

எபிசோடுகளாகப் பிரிப்பது

இப்போது நோட்டின் பத்திகளை, அதாவது தண்ணீர், எரிபொருள் என ஒவ்வொன்றுக்கும் போட்ட கணக்கை, எட்டு எபிசோடுக்குப் பங்கிடுங்கள். எபிசோடுக்கு ஒரு பத்தி பூஜ்யத்தைத் தொட வேண்டும்: இரண்டில் தண்ணீர், மூன்றில் எரிபொருள், நான்கில் உணவு, ஐந்தில் மருந்து, ஆறில் நம்பிக்கை. நம்பிக்கைக்கும் பத்தி உண்டு. யார் யாரிடம் எதை மறைத்தார், அது எந்த நாளில் வெளிவரும் என்று எழுதுங்கள். இரண்டு பத்திகள் ஒரே நேரத்தில் காலியாவதை ஏழாவது எபிசோடுவரை ஒத்திப்போடுங்கள். முன்பே செய்துவிட்டால் கடைசியில் ஏற்ற இடமிருக்காது.

சாவுகளையும் அதே நோட்டில் போடுங்கள். ஒருவர் இறக்கும்போது கூட்டம் எந்தத் திறமையை இழக்கிறது என்று பக்கத்தில் எழுத வேண்டும்: தையல் போடத் தெரிந்தவர், வண்டி பழுது பார்ப்பவர், வழி தெரிந்தவர். எதையும் இழக்காத சாவு என்றால் அந்தப் பாத்திரம் ஆரம்பத்திலேயே வேண்டியிருக்கவில்லை. இன்னொன்று: திடீரென்று ஒருவருக்குக் குடும்பப் புகைப்படமும் நீண்ட வசனமும் கொடுத்து அதே எபிசோடில் கொல்லாதீர்கள். இந்த வகைத் தொடர் பார்ப்பவர்கள் புகைப்படம் வெளியே வந்ததுமே இரங்கல் முடித்துவிடுவார்கள். புகைப்படம் இரண்டில், சாவு ஐந்தில்.

கூட்டக் காட்சி எழுதும்போது மேக்கப் நேரத்தையும் கூட்டிப்பாருங்கள். 60 ஜாம்பி என்றால் கேமரா பக்கத்தில் வரும் 6 பேருக்கு முழு ஒட்டுவேலை, தலா ஒன்றரை மணி நேரம். நடுவில் நிற்கும் 14 பேருக்குத் தலா அரை மணி நேரம். பின்னால் இருக்கும் 40 பேருக்கு முகமூடியும் அழுக்கு உடையும். மொத்தம் 16 மணி நேர வேலை. மூன்று கலைஞர்கள் பகிர்ந்தால் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. காலை 8 மணி ஷாட்டுக்கு அதிகாலை இரண்டரைக்கே தொடங்க வேண்டும். ஒட்டுவேலைக்குப் பயன்படும் லேடெக்ஸ் (ரப்பர் பால்) ஒவ்வாமை சிலருக்குக் கடுமையாக இருக்கும், முந்தைய நாளே முழங்கையின் உட்புறத்தில் தடவிச் சோதித்துவிடுங்கள். இப்படிப்பட்ட கூட்டக் காட்சி ஒரு சீசனுக்கு இரண்டோ மூன்றோதான் கட்டுப்படியாகும். முதல் எபிசோடுக்கும் ஏழாவதுக்கும் அவற்றைச் சேமித்து, நடுவில் ஒரு எபிசோடை ஒரே கட்டிடத்துக்குள் நான்கு நடிகர்களோடு முடியுங்கள். மேலே சொன்ன இரவு 9 மணிக் கணக்கு அந்த எபிசோடுக்குத்தான் பொருந்தும். கூட்டம் வருவது கேட்டால் போதும், கண்ணில் படத் தேவையில்லை.

முழு ஸ்கிரிப்டும் முடிந்தபின் அதை மூன்று முறை, மூன்று கண்ணோடு படியுங்கள். முதல் முறை தண்ணீரை மட்டும் பின்தொடருங்கள்: யார் எப்போது எங்கிருந்து குடித்தார். இரண்டாம் முறை காயங்கள். மூன்றாம் முறை ஒலி: யார் சத்தம் போட்டார், எந்தத் தூரத்தில் எது கேட்டது, வந்துசேர எத்தனை நிமிடம். ஓட்டை தெரியும் இடத்தில் வசனம் எழுதிச் சமாளிக்காமல் நோட்டுக்குத் திரும்பி எண்ணை மாற்றுங்கள். அந்த எண் தொடும் காட்சிகளையெல்லாம் அன்றே திருத்திவிடுங்கள்.