டாக்ஸ்ஹுண்ட்: பெயரைச் சொல்வதிலும் பொருள் கொள்வதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குட்டைக் கால்களும் நீண்ட உடலும் கொண்ட அந்த ஜெர்மானிய வேட்டை நாயை நம் ஊர்களில் டேஷண்ட், டாஷ் ஹவுண்ட், டச்சண்ட் என்று பலவாறாக அழைக்கிறார்கள். உச்சரிப்பு ஆளுக்கு ஆள் மாறுவது பெரிய குற்றமன்று. ஆனால் பெயரைத் தவறாகப் பிரிப்பவர் அதன் பொருளையும் தவறாகவே கொள்ள நேர்கிறது. பிறகு அந்த நாயிடம் இல்லாத குணங்களை எதிர்பார்த்து, இருக்கும் குணங்களுக்காக அதைத் திட்டுகிறார்.

பிழை தொடங்குவது பெயரைப் பிரிக்கும் இடத்தில்தான். இது டாக்ஸ், ஹுண்ட் என்ற இரண்டு ஜெர்மன் சொற்களின் கூட்டு. முதற்சொல் 'எஸ்' என்ற எழுத்தில் முடிகிறது, அடுத்த சொல் 'ஹெச்' என்ற எழுத்தில் தொடங்குகிறது. இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால், ஆங்கிலம் படித்துப் பழகிய கண் அவற்றைச் சேர்த்து 'ஷ்' என்று வாசித்துவிடுகிறது. டாஷ் என்ற ஒலி அப்படி வந்ததுதான். வேகமாகப் பாய்ந்து ஓடும் நாய் என்பதால் 'டாஷ்' என்றும், டச்சு நாட்டு நாய் என்பதால் 'டச்' என்றும் சொல்லப்படும் விளக்கங்களுக்கு எந்த அடிப்படையும் இல்லை. ஜெர்மனில் நரியை ஃபுக்ஸ் என்றும் மெழுகை வாக்ஸ் என்றும் சொல்வார்கள். அவற்றில் 'க்ஸ்' என ஒலிக்கும் அதே எழுத்துக்கோவைதான் டாக்ஸ் என்ற சொல்லிலும் இருக்கிறது. ஆங்கில அகராதிகளே ஒன்றுக்கு மேற்பட்ட உச்சரிப்புகளை ஏற்பதால், அடுத்தவர் பேச்சைத் திருத்தப் புறப்பட வேண்டியதில்லை. எழுதும்போது 'டாக்ஸ்ஹுண்ட்' என்று எழுதுவது மூலத்துக்கு நெருக்கமானது.

இரண்டாம் பாதியை 'ஹவுண்ட்' என்று மாற்றிக்கொள்வது இதைவிடப் பரவலான பிழை. ஜெர்மன் ஹுண்டும் ஆங்கில ஹவுண்டும் ஒரே வேரில் பிறந்தவைதான் என்றாலும், இன்று அவற்றின் பொருள் ஒன்றல்ல. ஜெர்மனில் தெருநாயும் ஹுண்ட், மடியில் தூங்கும் நாயும் ஹுண்ட். ஆங்கிலத்திலோ அச்சொல் இரையைக் கண்ணால் கண்டோ மோப்பம் பிடித்தோ துரத்தும் வேட்டை நாய்களுக்கென்று சுருங்கிவிட்டது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நாயினங்களைப் பதிவுசெய்யும் கென்னல் கிளப்புகள் இந்த இனத்தை ஹவுண்ட் பிரிவிலேயே வைத்திருப்பதும் குழப்பத்துக்குத் துணைபோகிறது. ஆனால் எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாயினக் கூட்டமைப்பு இதை வேறு எந்த இனத்தோடும் சேர்க்காமல், இதற்கென்றே நான்காம் பிரிவைத் தனியாக ஒதுக்கியிருக்கிறது. டெரியர்களைப் போல வளைக்குள் நுழைவது, காயம்பட்ட மானின் இரத்தத் தடத்தைப் பின்தொடர்வது, புதரில் பதுங்கியிருப்பதைக் கிளப்பிவிடுவது என்று பல வேலைகளைச் செய்யும் நாயை ஒரே கூட்டில் அடைக்க முடியாது என்பதால், எனக்கு அந்த முடிவே பொருத்தமாகப் படுகிறது. 'டாக்ஸ்ஹுண்ட் நாய்' என்று தமிழில் சொன்னால் நாய் இரண்டு முறை வருகிறது என்று குறைகூறுவார் உண்டு. 'நடுசென்டர்' என்று புழங்கும் மொழியில் இதைப் பிழையாக எண்ண வேண்டியதில்லை.

டாக்ஸ் என்பது ஆங்கிலத்தில் பேட்ஜர் எனப்படும் விலங்கு. அந்த ஐரோப்பிய விலங்கு நம் நாட்டில் இல்லாததால் அதற்குப் பழகிய தமிழ்ப் பெயரும் இல்லை. வளைக்கரடி என்று எழுதுகிறார்கள். அதைச் சுருக்கிக் 'கரடி நாய்' என்று பெயர்க்கும்போது, கரடியை வேட்டையாடிய நாய் என்று வாசகர் எண்ணிவிடுகிறார். கரடிக்கும் பேட்ஜருக்கும் நெருங்கிய உறவில்லை. நீர்நாய் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது பேட்ஜர். இந்தியாவில் வாழும் தேன்வளைக்கரடியும் வேறு விலங்கு. ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் தேடியது, வெள்ளை முகத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகளோடு, தரைக்கடியில் கிளைகிளையாகச் சுரங்கம் தோண்டிக் கூட்டமாக வாழும், பெரும்பாலும் 10 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஐரோப்பியப் பேட்ஜரை. அந்தச் சுரங்கத்துக்குள் நுழைய வேண்டிய நாய்க்குத்தான் குட்டைக் காலும் ஆழ்ந்த மார்பும் வேண்டியிருந்தன.

இருட்டில், எசமானின் கண்ணுக்கும் குரலுக்கும் எட்டாத இடத்தில், கூரிய நகமுள்ள எதிரியின் முன் நிற்கும் நாய் தானே முடிவெடுத்தாக வேண்டும். தான் நிற்கும் இடம் மேலே இருப்பவர்களுக்குத் தெரியும்படி விடாமல் குரைக்கவும் வேண்டும். அந்தச் சத்தத்தை வைத்தே அவர்கள் மண்ணைத் தோண்டுவார்கள். இத்தனை சிறிய உடலிலிருந்து இவ்வளவு பெரிய குரலா என்று அண்டைவீட்டார் வியப்பதும், பூந்தொட்டி மண் கூடமெங்கும் சிதறுவதும், கூப்பிட்டால் யோசித்துவிட்டு வருவதும் வளர்ப்புக் குறையால் மட்டும் வருபவை அல்ல. குட்டைக் காலுக்குக் காரணமான மரபணு முதுகெலும்பின் தட்டுகளையும் எளிதில் கெடுக்கிறது என்பதால், சோபாவிலிருந்து குதிக்க விடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பெயர் ஜெர்மானியமானது என்பதால் ஜெர்மனியில் எல்லாரும் இப்படியே சொல்வார்கள் என்று நினைப்பதும் தவறு. அங்கே வீட்டில் புழங்கும் சொல் டாக்கல். வேட்டைக்காரர்கள் சொல்வது டெக்கல். 1888இல் அங்கே இந்த இனத்துக்கென்று தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே டெக்கல்தான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களும் டெக்கல் என்கிறார்கள். போலந்து மொழியில் யாம்னிக். குழியையோ வளையையோ குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் டாக்ஸ்பிராக்க என்ற பெயரைக் கண்டால் கவனம் தேவை: அது குட்டைக் கால்கொண்ட வேறு மோப்ப நாயினம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமாக வந்த வால்டி, இனத்தின் பெயரன்று. நம் மணி, ராமு போல அங்கே இந்த நாய்களுக்கு வைக்கும் பெயர்.

உருளையாக நீண்ட இறைச்சிப் பண்டமான சாசேஜைப் போன்ற உடல் வடிவத்தை வைத்து ஆங்கிலத்தில் இதற்கு 'சாசேஜ் நாய்' என்ற பட்டப்பெயரும் உண்டு. அதோடு ஒட்டிக்கொண்ட கதை ஒன்றை இன்றும் உண்மையென்று எழுதுகிறார்கள்: டாட் டார்கன் என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர், சாசேஜ் விற்பவரைப் படமாக வரையும்போது டாக்ஸ்ஹுண்ட் என்ற சொல்லுக்கு எழுத்துக்கூட்டல் தெரியாமல் 'ஹாட் டாக்' என்று எழுதிவிட, ரொட்டிக்குள் வைத்த சாசேஜுக்கு அதுவே பெயராகிவிட்டதாம். அப்படிப்பட்ட படம் இதுவரை கிடைக்கவில்லை. 'ஹாட் டாக்' என்ற வழக்கு 1890களிலேயே அமெரிக்கக் கல்லூரி இதழ்களில் இருக்கிறது. மாறாக, முதல் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மன் வாடையே வேண்டாமென்று அமெரிக்காவில் சிலர் இதை 'லிபர்ட்டி', அதாவது விடுதலை நாய் என்று அழைத்தது நடந்த செய்தி.

குட்டி வாங்குவோர் ஏமாறக்கூடிய இடம் அளவுப் பெயர்கள். ஜெர்மனியில் மூன்று அளவுகள் உண்டு. வளர்ந்த நாயின் மார்புச் சுற்றளவை வைத்தே அவற்றைப் பிரிக்கிறார்கள். மிகச் சிறியதைக் கனின்ஹென், அதாவது முயல் என்று சொல்வது முயல் போலிருப்பதால் அன்று. முயல் வளைக்குள் நுழையும் அளவு கொண்டது என்பதால். அமெரிக்காவில் இரண்டே அளவுகள்தான். ஓராண்டு நிறைந்த பின் 5 கிலோவுக்கு மேற்படாதது மட்டுமே மினியேச்சர். இரண்டு மாதக் குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு 'மினி' என்றோ 'டாய்' என்றோ விலை கூட்டிச் சொல்பவரிடம், தாய் தந்தை இரண்டையும் காட்டச் சொல்லுங்கள்.