வகுப்புக்குப் போகும் நாளில் செடி வாடாமல் இருக்க

58 வயதில் முதுகலை படிக்கிறேன். ஞாயிறு காலை வகுப்புக்குக் கிளம்பினால், முடிந்ததும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் காய்கறி, அப்புறம் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு சுற்று (பழைய புத்தகம் கண்ணில் பட்டால் கால் நகராது). வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். சித்திரை வெயிலில் மாடித் தொட்டிச் செடிகள் அதுவரை தாங்குமா?

எனக்குக் கைகொடுத்தது பழைய பருத்தி வேட்டி. இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, திரிபோல முறுக்கி, முழுக்க நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த திரியில் சட்டென்று நீர் ஏறாது. பாலியஸ்டர் கலந்த துணியும் சரிப்படாது. ஒரு முனை, நீர் நிரப்பிய வாளியின் அடிவரை போகட்டும். மறுமுனையை வேர்ப்பக்கம் நாலு விரல் ஆழத்தில் புதையுங்கள். வாளியின் அடி, தொட்டி மண்ணைவிட உயரமாக, நிழலில் இருக்க வேண்டும். கொசு முட்டையிடாதபடி மூடிவையுங்கள்.

சின்னத் தொட்டிக்கு ஒரு திரி, தக்காளிக்கு இரண்டு. மண்மேல் தேங்காய் நார் பரப்பினால் ஈரம் இன்னும் நிற்கும். கற்பூரவல்லிக்கு மட்டும் இது வேண்டாம், தண்டு அழுகிவிடும்.

முதலில் வீட்டில் இருக்கும் ஒரு நாளில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு நீர் இறங்குகிறது என்று தெரிந்துவிடும்.