பரு விடாமல் படுத்துகிறதா? பிரிட்டனில் ஐசோட்ரெட்டினாயின் தொடங்கும் முன்

பதினெட்டு வயதில் போய்விடும் என்றார்கள், கல்யாணம் ஆனால் போய்விடும் என்றார்கள். முப்பதைத் தாண்டியும் தாடையோரத்திலும் முதுகிலும் கட்டி கட்டியாகப் பரு வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். பிரிட்டனுக்குப் புதிதாக வந்து, ஐசோட்ரெட்டினாயின் என்ற வலுவான மாத்திரையை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐசோட்ரெட்டினாயின் நல்ல மருந்து. பயந்து ஒதுக்கவும் வேண்டாம், கண்காணிப்பு இல்லாமல் தொடவும் வேண்டாம்.

முதலில், ஊரிலிருந்து பெட்டியில் வந்த மாத்திரை. இந்தியாவில் சோட்ரெட், ஐசோட்ராயின் என்ற பெயர்களில் கிடைப்பது இதே மருந்துதான். ஊரில் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஆறு மாதத்துக்கு வாங்கிக்கொண்டு விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. இங்கே இந்த மருந்தைத் தோல் சிறப்பு மருத்துவரின் மேற்பார்வையில்தான் தருவார்கள். உங்கள் ஜி.பி. (நீங்கள் பதிவு செய்துகொள்ளும் குடும்ப மருத்துவர்) தானாகத் தொடங்கி வைக்க மாட்டார். பாதிக் கோர்ஸில் வந்திருக்கிறீர்கள் என்றால் மாத்திரை அட்டை, சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் ஜி.பி.யிடம் காட்டுங்கள், சீக்கிரம் தோல் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

மறைத்தால் என்ன ஆகும்? விஷயம் தெரியாத ஜி.பி. பருவுக்கு வழக்கமாகத் தரும் லைமெசைக்ளினையோ டாக்ஸிசைக்ளினையோ எழுதிவிடுவார். இந்த வகை ஆன்டிபயாடிக்கையும் ஐசோட்ரெட்டினாயினையும் சேர்த்து எடுக்கவே கூடாது. மண்டைக்குள் அழுத்தம் கூடலாம், கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் வரலாம். நீங்கள் உண்மையைச் சொன்னால் அவர் வேறு வழி பார்ப்பார். ஊரிலிருந்து கொண்டுவந்த முகக் கிரீமையும் கையோடு காட்டுங்கள். நிறம் வெளுக்கும் என்று விற்கப்படும் பல கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அதுவே பருவைக் கிளப்பும்.

ஜி.பி.யில் பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். விசாவோடு சேர்த்து நீங்கள் சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776. ஆக, தோல் மருத்துவரைப் பார்ப்பதும் அதில் அடங்கும். முகவரிச் சான்று இல்லை என்று ரிசப்ஷனில் தயங்கினால், பதிவுக்கு அது கட்டாயம் இல்லை என்று பணிவாகச் சொல்லலாம். இங்கிலாந்தில் 2024 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு கட்டணம். மாதா மாதம் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து வாங்குவதாக இருந்தால் முன்பணச் சான்றிதழ் (கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டுவது) எடுத்துவிடுங்கள், மிச்சமாகும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மருந்துக்குக் கட்டணமே இல்லை.

பெரும்பாலும் ஜி.பி. முதல் சந்திப்பிலேயே உங்களைத் தோல் பிரிவுக்கு அனுப்ப மாட்டார். 2021இல் நைஸ் (சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் அமைப்பு) வெளியிட்ட வழிகாட்டுதலின்படி முதலில் 12 வாரச் சிகிச்சை. பெரும்பாலும் அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்த ஜெல் தருவார்கள், பரு கொஞ்சம் கடுமையாக இருந்தால் கூடவே ஆன்டிபயாடிக் மாத்திரை. பலர் இரண்டு வாரத்தில் எரிச்சல் தாங்காமல் ஜெல்லை ஓரமாக வைத்துவிட்டு ‘இங்கே ஒன்றும் கேட்கவில்லை’ என்கிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரவில், மெல்லிசாகப் பூசித் தொடங்குங்கள். நம் தோலில் பரு ஆறினாலும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். எரிச்சலும் வெயிலும் அதைக் கூட்டும், அதனால் பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். கரும்புள்ளிதான் பெரிய கவலை என்றால் அசெலாயிக் அமிலம் பற்றிக் கேளுங்கள். பருவுக்கும் புள்ளிக்கும் இரண்டுக்கும் உதவும்.

12 வாரம் முடிந்ததும் நீங்களே அப்பாயின்ட்மென்ட் போடுங்கள், யாரும் கூப்பிட மாட்டார்கள். தொடங்கிய நாளிலும் முடிவிலும் எடுத்த போட்டோக்களைக் கொண்டுபோங்கள். இரண்டு விஷயங்களை வெட்கப்படாமல் சொல்லுங்கள்: தழும்பு விழுகிறது என்றால் அதை, மனம் உடைந்து ஆள் முகம் பார்க்கவே கூசுகிறது என்றால் அதை. இரண்டுமே சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவதற்கு அந்த வழிகாட்டுதல் ஏற்கும் காரணங்கள். ‘பரவாயில்லை டாக்டர்’ என்று சிரித்துவிட்டு வந்தால் அவர் பரவாயில்லை என்றே எழுதிக்கொள்வார். அதன்பிறகு காத்திருப்பு உண்டு, ஊருக்கு ஊர் மாறும். தழும்பு புதிதாக விழுந்துகொண்டிருக்கும்போது சும்மா காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நிலைமை மோசமானால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மாதவிடாய் தள்ளிப்போகிறது, முகத்தில் முடி வளர்கிறது என்றால் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹார்மோன் பக்கமாகப் போகும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை வயதுவந்த பெண்களின் விடாப் பருவுக்கு உதவுகிறது என்று பிரிட்டனிலேயே நடந்த ஆய்வு 2023இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்தது. பலன் முழுதாகத் தெரிய ஆறு மாதம் பிடிக்கும், கர்ப்பத்தில் ஐசோட்ரெட்டினாயினைப் போலவே இதுவும் ஆகாது. ஆனாலும் ஐசோட்ரெட்டினாயினுக்கு முன் கேட்டுப்பார்க்க வேண்டிய கேள்வி இது.

சரி, ஐசோட்ரெட்டினாயினே என்று முடிவானால்? தோலுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளை அது சுருக்கிவிடுகிறது. அதனால்தான் வேறு எதற்கும் அடங்காத பரு இதற்கு அடங்குகிறது. வழக்கமாக நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.5 மில்லிகிராமில் தொடங்கி, நாலிலிருந்து ஆறு மாதம் அல்லது சற்றுக் கூடுதலாகப் போகும். முதல் சில வாரங்களில் பரு கூடலாம், பயப்படாதீர்கள். உதடு வெடிக்காதவர்கள் அநேகமாக இல்லை. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் கண்ணும் மூக்கும் காய்ந்து, மூக்கில் ரத்தம்கூட வரும். லிப் பாம், கண் சொட்டு, நல்ல மாய்ஸ்சரைசர் எல்லாம் முதல் நாளே வீட்டில் இருக்கட்டும். தசைவலி, மூட்டுவலி வரலாம். கொழுப்பும் ஈரலும் ரத்தப் பரிசோதனையில் பார்க்கப்படும். வெறும் வயிற்றில் போடாதீர்கள், சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பு நன்றாக ஏற்கும்.

கர்ப்பம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மருந்து வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை, இதயம், முகம் எல்லாவற்றையும் கடுமையாகப் பாதிக்கும். கொஞ்ச நாள் எடுத்தாலும் ஆபத்துதான். அதனால் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்குத் தடுப்புத் திட்டம் ஒன்று உண்டு: தொடங்க ஒரு மாதம் முன்பிருந்து முடிந்து ஒரு மாதம் வரை கருத்தடை, மாதாமாதம் கர்ப்பப் பரிசோதனை, ஒரு தடவைக்கு 30 நாள் மருந்து மட்டும், அந்தச் சீட்டும் ஏழு நாளுக்குப் பிறகு செல்லாது. கல்யாணமாகி இங்கே வந்த பெண்களுக்குச் சொல்கிறேன்: குழந்தைக்கு எப்போது திட்டம் என்பதை மருந்து தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். கருத்தடை அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் இலவசம். நீங்கள் டாக்டரிடம் பேசுவதை அவர் உங்கள் கணவரிடமோ மாமியாரிடமோ சொல்ல மாட்டார். ஆங்கிலம் தடுமாறினால் கணவரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதற்குப் பணம் இல்லை.

மனம் பற்றியும் கேட்பார்கள். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், பாலுறவுக் குறைபாடு ஆகியவை சிலருக்கு வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் நீடித்திருக்கிறது. எத்தனை பேருக்கு, மருந்தால்தானா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. 2023 அக்டோபரிலிருந்து தொடங்கும் முன்பே இவற்றைப் பேச வேண்டும் என்பது விதி. முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் மறைக்காதீர்கள். தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், மருந்து எடுப்பதை நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லி, ‘நான் மாறித் தெரிந்தால் சொல்லு’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஏதாவது தோன்றினால் உடனே டாக்டரிடம் பேசுங்கள். அவசரமென்றால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 111 அழைத்து 2ஐ அழுத்தினால் மனநலப் பிரிவு கிடைக்கும், உயிருக்கே ஆபத்து என்றால் 999.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். மாத்திரையின் கூடு ஜெலட்டின். சைவக்காரர்கள் முன்பே தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். பல பிராண்டுகளில் சோயா எண்ணெய் உண்டு, அலர்ஜி இருந்தால் சொல்லுங்கள். குளிர்காலத்துக்கு விட்டமின் டி தனியாக எடுக்கலாம். ஆனால் விட்டமின் ஏ கலந்த மல்ட்டிவிட்டமினும் காட் மீன் ஈரல் எண்ணெயும் வேண்டாம். இரவில் டெலிவரி, டாக்ஸி ஓட்டுகிறவர்கள் கவனம், இருட்டில் பார்வை திடீரென்று மங்கலாம். கோர்ஸ் நடக்கும்போதும் முடிந்து ஆறு மாதம் வரையும் வேக்ஸிங் கூடாது. ரத்ததானம் கொடுப்பது கோர்ஸ் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான். மிச்ச மாத்திரையை அறைத்தோழிக்குக் கொடுக்காமல் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுங்கள்.

தனியார் டாக்டரிடம் போவதானால் அவர் பெயர் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் சிறப்பு மருத்துவர் பட்டியலில் தோல் பிரிவில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். ஒரு சந்திப்பின் விலையை மட்டும் கேட்காமல், ரத்தப் பரிசோதனை, மாதாந்திரச் சந்திப்பு, மருந்து எல்லாம் சேர்த்து முழுக் கோர்ஸுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கோர்ஸ் நடுவில் ஊருக்கு நீண்ட விடுமுறை போகும் எண்ணம் இருந்தால், டிக்கெட் போடும் முன் கிளினிக்கில் சொல்லுங்கள். தடுப்புத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு 30 நாளுக்கு மேல் மருந்து கையில் தர மாட்டார்கள், அதனால் தொடங்கும் தேதியையே விடுமுறைக்குப் பின்னால் தள்ளி வைப்பது பல நேரம் சுலபம்.