பைரகாந்தா: முள்ளுக்கு இடம் பார்த்து நடுவதும் பழத்துக்குக் காலம் பார்த்து வெட்டுவதும்

பைரகாந்தா ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த, பெரும்பாலும் ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் முட்புதர். இதன் இனங்கள் தென் ஐரோப்பாவிலிருந்து இமயமலைச் சரிவுகள் வழியாகச் சீனா, தைவான் வரை இயற்கையாக வளர்கின்றன. வசந்தத்தின் பிற்பகுதியில் சிறிய வெண்பூக்கள் கொத்துக்கொத்தாக மலர்ந்து தேனீக்களை ஈர்க்கும். இலையுதிர் காலத்தில் அதே கொத்துகள் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களில் பட்டாணி அளவுப் பழங்களாகப் பழுத்து, மற்ற செடிகள் வெறுமையாக நிற்கும் குளிர்காலத்திலும் தொங்கிக்கொண்டிருக்கும். கடையில் பழம் குலுங்க நின்ற செடியை வாங்கி நட்டவர்கள் பலர், அடுத்த ஆண்டிலிருந்து அது இலையாகவே வளர்கிறது என்று குறைபடுவதுண்டு. பெரும்பாலும் குற்றம் செடியுடையதன்று, கத்தரிக்கோலுடையது. முந்தைய ஆண்டில் வளர்ந்த கிளையில்தான் இச்செடி பூக்கும். ஆகவே சென்ற ஆண்டுக் கிளையை வெட்டி எறிந்தால், இந்த ஆண்டுப் பழத்தையும் சேர்த்தே வெட்டி எறிகிறோம்.

வெட்டுவதற்கு முன் நடுவதைப் பார்ப்போம். நன்கு வளர்ந்த செடி 2 முதல் 4 மீட்டர் வரை உயரும், ஏறக்குறைய அதே அளவுக்குப் படரவும் செய்யும். கிளைகளில் ஊசிபோன்ற கூர்முட்கள் இருப்பதால், நடைபாதை ஓரம், குழந்தைகள் விளையாடும் இடம், அடிக்கடி கை நீட்ட வேண்டிய குழாயடி ஆகியவற்றுக்கு அருகில் இதை நடவே கூடாது. தரைத்தள ஜன்னலுக்குக் கீழும் மதிலை ஒட்டியும், யாரும் ஏறி வரக் கூடாத இடத்தில், இந்த முள்ளே பயனாகிறது. நாள் முழுவதும் வெயில் படும் இடத்தில் பழம் மிகுதியாகப் பிடிக்கும். அரை நிழலிலும் செடி பிழைக்கும், ஆனால் கொத்துகள் குறைந்துவிடும். மண்வகையைப் பற்றி இது அதிகம் அலட்டிக்கொள்வதில்லை, தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். குளிர்காலம் கடுமையாக இருக்கும் ஊர்களில் உறைபனியைத் தாங்குவதில் பெயர்பெற்ற காக்சினியா இனத்தையோ அதன் கலப்பு வகைகளையோ தேடுவது நல்லது.

வேரைத் தொந்தரவு செய்வது இதற்குப் பிடிக்காது. ஆகவே நிரந்தர இடத்தை முதலிலேயே முடிவு செய்துகொண்டு, தொட்டியில் வளர்ந்த இளஞ்செடியை வாங்க வேண்டும். தோண்டி எடுத்து விற்கப்படும் பெரிய செடி பார்வைக்கு ஆசையூட்டினாலும் வேர் பிடிக்கத் தடுமாறும். குழியை வேர்ப்பந்தைப்போல் இரண்டு மடங்கு அகலமாகவும் அதே ஆழத்திலும் தோண்டி, தொட்டியில் மண் இருந்த மட்டத்திலேயே செடியை நிறுத்த வேண்டும். சுவரோரம் நடுவதானால் அடித்தண்டு சுவரிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும், ஏனெனில் சுவரடி மண்ணுக்கு மழை சரியாக எட்டாது. உயிர்வேலியாக வளர்ப்பவர்கள் செடிக்குச் செடி 60 முதல் 75 சென்டிமீட்டர் இடைவெளி விடலாம். முதல் ஆண்டில் மண் காயாமல் ஆழமாக நீர் ஊற்றி, அடியில் மட்கால் மூடாக்குப் போட்டால், வேர் ஊன்றிய பிறகு செடி வறட்சியை ஓரளவு தானே சமாளித்துக்கொள்ளும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடுவது கேடு: இளந்தளிர் கட்டுக்கடங்காமல் வளர்ந்து, பழம் குறைந்து, பின்னால் சொல்லப்போகும் கருகல் நோய்க்கும் வழி திறந்துவிடும்.

இந்தச் செடியின் முழு அழகும் சுவரில் பரப்பி வளர்க்கும்போதுதான் தெரியும் என்பது என் கருத்து. தரையிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் உயரத்தில் முதல் கம்பியையும், அதற்குமேல் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக அடுத்தடுத்த கம்பிகளையும், சுவருக்கும் கம்பிக்கும் இடையே காற்று புகும்படி, கிடைமட்டமாக இழுத்துக் கட்ட வேண்டும். இளங்கிளை பச்சையாகவும் வளையக்கூடியதாகவும் இருக்கும்போதே மென்மையான கயிற்றால் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். முற்றிய பின் வளைத்தால் முறியும். கிளையைக் கம்பிக்குப் பின்னால் செருகாமல் முன்னால் கட்டினால், பிற்காலத்தில் வெட்டி எடுப்பது எளிது.

இப்போது கவாத்து. முதல் வேலை, பூ மொட்டுகள் கண்ணுக்குத் தெரியும் வசந்த காலத்தில். சுவரை நோக்கியும் சுவரிலிருந்து நேராக வெளிநோக்கியும் வளரும் கிளைகளை மட்டும் அப்போது நீக்க வேண்டும், மொட்டுக் கொத்துகளைத் தொடக் கூடாது. இரண்டாவது வேலைதான் முக்கியமானது, அது கோடையின் இறுதியில் வருகிறது. அப்போது ஒரு கிளையை நெருங்கிப் பார்த்தால், பழுப்புநிறப் பட்டை கொண்ட சென்ற ஆண்டுத் தண்டில் பச்சைக் காய்க்கொத்துகள் வரிசையாக ஒட்டியிருப்பதும், அவற்றின் அருகிலிருந்து மெல்லிய பூனைமயிர் படர்ந்த புதுத்தளிர்கள் நீண்டு எழுந்து காய்களை மறைத்து நிற்பதும் தெரியும். அந்தப் புதுத்தளிர் ஒவ்வொன்றையும் அடியிலிருந்து இரண்டு மூன்று இலை விட்டு வெட்ட வேண்டும். இதனால் காய்களுக்கு வெயில் கிடைக்கிறது, அவை பழுக்கும்போது மறைவின்றித் தெரிகின்றன, மிஞ்சிய குறுங்கிளைகள் அடுத்த ஆண்டுப் பூவுக்கு இடமாகின்றன. வேலியைப் பெரிய கத்தரியால் மட்டமாக வழித்துவிடுபவர்களுக்கு நேர்க்கோடு கிடைக்கும், பழம் கிடைக்காது. வேலியில் பழமும் வேண்டுமானால், கூரான கைக்கத்தரியைக் கொண்டு புதுத்தளிரை மட்டும் தேடி வெட்டும் பொறுமை வேண்டும்.

பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டுக் காடாகிப்போன செடியைக் கடுமையாக வெட்டினாலும் அது மீண்டும் துளிர்க்கும். ஒரே முறையில் எல்லாவற்றையும் வெட்டினால் பழத்துக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரிடும் என்பதால், முதிர்ந்த கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஆண்டுதோறும் அடியோடு எடுப்பதே மேல்.

எப்போது வெட்டினாலும் முழங்கை வரை நீளும் தடித்த தோல் கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். முள் நுனி ஒடிந்து மூட்டுக்குள் தங்கிவிட்டால் வீக்கமும் வலியும் வாரக்கணக்கில் நீடிக்கலாம். அப்படி நேர்ந்தால் மருத்துவரிடம் போகத் தயங்கக் கூடாது. வெட்டிய கிளைகளை அன்றே பெருக்கி எடுத்துவிடுங்கள். காய்ந்த முள் சைக்கிள் டயரையும் மெல்லிய செருப்பையும் துளைக்கும். மட்குக் குழியிலும் அவற்றைப் போட வேண்டாம்.

நோய்களில் அஞ்ச வேண்டியது எர்வினியா அமிலோவோரா என்னும் பாக்டீரியாவால் வரும் தீக்கருகல். வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்த பூக்காலத்தில் அது பூ வழியாக நுழைகிறது. பூக்கொத்தும் தளிரும் நெருப்பில் வாட்டியதுபோல் கருத்து, நுனி கொக்கிபோல் வளைந்து, இலை உதிராமல் அப்படியே தொங்கும். குணப்படுத்தும் மருந்து கிடையாது. கருகிய பகுதிக்கு 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் கீழே, நல்ல தண்டில், வறண்ட நாளில் வெட்டி அகற்ற வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். பழத்தைக் கரும்பச்சைப் புள்ளிகளால் மூடும் சொறி நோய் ஒரு பூஞ்சாணத்தின் வேலை. உதிர்ந்த இலை, பழங்களைக் கூட்டி அகற்றிக் காற்றோட்டம் கொடுத்தால் அது குறையும். புதிதாக வாங்குபவர்கள் இந்த நோய்களுக்கு ஈடுகொடுக்கும் மொஹாவே, டீட்டன் போன்ற வகைகளையோ சஃபீர் வரிசை வகைகளையோ கேட்டு வாங்குவது எத்தனையோ தொல்லையைத் தவிர்க்கும்.

பழங்கள் மாவுத்தன்மையுடன் துவர்ப்பாக இருக்கும். விதைகளில் சயனைடு உண்டாக்கும் பொருள் சிறிதளவு இருப்பதாலும், தின்றால் வயிற்றைக் கலக்கலாம் என்பதாலும் சிறு குழந்தைகளைத் தள்ளியே வைக்க வேண்டும். பறவைகளுக்கு இந்தத் தயக்கம் இல்லை, குளிரில் பழம் கனிந்ததும் வந்து தின்றுவிடும். அவை விதையை வெகுதூரம் கொண்டுபோவதால், தென்னாப்பிரிக்காவில் அங்குஸ்டிஃபோலியா இனம் பரவும் களையாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. எனவே நடுவதற்கு முன் உங்கள் பகுதியின் களைப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

செடியைப் பெருக்க நினைப்பவர்கள் விதையைவிடக் குச்சியை நம்பலாம். விதை முளைக்க மூன்று மாதம் ஈரக்குளிரில் இருக்க வேண்டும், கலப்பு வகையின் விதையில் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வருமென்ற உறுதியும் இல்லை. கோடையின் பிற்பகுதியில், அடிப்பகுதி கெட்டிப்பட்டு நுனி இன்னும் மென்மையாக இருக்கும் 10 சென்டிமீட்டர் குச்சியை எடுத்து, கீழ்ப்பாதி இலைகளை நீக்கி, மணல் கலந்த ஈரமண்ணில் செருகிப் பிளாஸ்டிக் உறையால் மூடி நிழலில் வைக்க வேண்டும். வேர் விட்ட பின் முதல் குளிர்காலத்தைத் தொட்டியிலேயே, காற்றும் கடும் உறைபனியும் தாக்காத இடத்தில் கழிக்க விட்டு, வசந்தத்தில் நிரந்தர இடத்தில் நடலாம்.