அந்தப் பானை ஓட்டின் வயது எப்படித் தெரியும்? ஆய்வு விஷயத்தை எல்லோருக்கும் எழுதப் பழகுவோம்

"கீழடியில் கிடைத்த ஓடு 2600 ஆண்டுப் பழமையானது" என்று ஒரு செய்தி வருகிறது. பத்துப் பேர் பெருமையோடு பகிர்வார்கள். பதினொன்றாவது ஆள் "அது எப்படிங்க தெரியும்?" என்று கேட்பார். நாம் எழுதப் போவது அவருக்காக. இந்தக் கேள்வியையே பயிற்சியாக வைத்துக்கொண்டு, ஆய்வறிக்கை ஒன்றிலிருந்து இணையக் கட்டுரை எப்படிப் பிறக்கிறது என்று படிப்படியாகப் பார்ப்போம். நீங்கள் பொருளியலோ தாவரவியலோ எழுதுவதாக இருந்தாலும் வழி இதுதான்.

படி 1: ஒரே ஒரு கேள்வி

"கீழடியைப் பற்றி எழுதப் போகிறேன்" என்று உட்கார்ந்தால் செங்கல் கட்டுமானம், தமிழி எழுத்து, வைகை, அரசியல் சண்டை என்று நாலு பக்கமும் இழுக்கும். கேள்விக்குறியோடு முடியும் ஒரு வாக்கியத்தைக் காகிதத்தில் எழுதி எதிரே வையுங்கள். நம்முடையது: "மண்ணுக்குள் கிடந்த பொருளின் வயதை எப்படிக் கணிக்கிறார்கள்?" இதற்குப் பதிலாகாத தகவல் எவ்வளவு சுவையாக இருந்தாலும் அடுத்த கட்டுரைக்குப் போகட்டும்.

படி 2: செய்தியைத் தாண்டி அறிக்கைக்குப் போங்கள்

தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை கீழடி அறிக்கையை 2019-ல் வெளியிட்டது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. முதலில் சுருக்கம், பிறகு முடிவுரை, அதன் பிறகு அட்டவணைகள். அட்டவணையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கட்டுரைக்கான சரக்கு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நமக்குத் தேவையானது இது: அகழாய்வில் எடுத்த ஆறு கரிம மாதிரிகள் அமெரிக்காவில் மியாமியில் உள்ள ஆய்வகத்துக்குப் போயின. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்கு பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன், அதாவது கி.மு.) 580 என்றும், 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு பொ.ஆ.மு. 205 என்றும் காலம் வந்தது.

நிதானமாகப் படித்தால் ஒன்று உறைக்கும். கார்பன் காலக்கணிப்பு என்ற இந்த முறையில் வயது பார்ப்பது பானை ஓட்டுக்கு அல்ல. கரி, விதை, எலும்பு என்று ஒருகாலத்தில் உயிரோடு இருந்தவற்றுக்குத்தான் பார்க்க முடியும். அதே மண்ணடுக்கில் கிடந்ததால் ஓட்டுக்கும் அந்தக் காலத்தைச் சொல்கிறார்கள். பகிர்ந்த பத்துப் பேரில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? கட்டுரையின் முதல் பத்தி கிடைத்துவிட்டது.

படி 3: நடந்த வரிசையில் சொல்லுங்கள்

பாடநூல் வரையறையில் தொடங்கும், பிறகு சூத்திரம், கடைசியில் உதாரணம். பொது வாசகருக்கு அப்படியே தலைகீழாக்குங்கள். என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு, பெயரைப் பிறகு சொன்னால் போதும். இப்படி:

"விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றின் மேலடுக்கில் மோதும்போது, அங்குள்ள நைட்ரஜனில் ஒரு சிறு பங்கு கார்பன்-14 ஆக மாறுகிறது. செடிகள் அதைக் காற்றோடு உறிஞ்சிக்கொள்கின்றன. செடியைத் தின்னும் ஆட்டுக்கும், ஆட்டைத் தின்னும் நமக்கும் அது வந்து சேர்கிறது. உயிர் போனதும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் தொடரும். 5730 ஆண்டுகளில் பாதி கரைந்துபோகும். இதைத்தான் அரை ஆயுட்காலம் என்கிறார்கள். எவ்வளவு மிச்சம் என்று அளந்தால், உயிர் போய் எவ்வளவு காலம் ஆனது என்று கணக்கிடலாம்."

வரவு, செலவு என்ற ஒரே உவமைதான் உள்ளே வந்திருக்கிறது. அது போதும். மணல் கடிகாரம், மெழுகுவத்தி, வங்கிக் கணக்கு என்று மூன்றையும் அடுக்கினால் வாசகருக்கு உவமைதான் நினைவிலிருக்கும், கார்பன் மறந்துபோகும்.

வில்லார்ட் லிபி இந்த முறையை 1940-களின் கடைசியில் உருவாக்கினார், 1960-ல் வேதியியல் நோபல் பெற்றார் என்பதை ஒரு வரியில் சேர்க்கலாம். அவருடைய வாழ்க்கை வரலாறு வேண்டாம்.

படி 4: எண்ணை வாசகரின் கைக்கு எட்டும்படி வையுங்கள்

அரை ஆயுட்காலம் 5730 ஆண்டு என்பது சரியான தகவல்தான், ஆனால் மனதில் நிற்காது. அதிலிருந்து நீங்களே ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள்: 2600 ஆண்டுக்கு முந்தைய கரியில் கார்பன்-14 எவ்வளவு மிஞ்சியிருக்கும்? ஏறக்குறைய 73 சதவீதம். "நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவு" என்று எழுதினால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் பிடிபடும். சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் போனால் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும் என்பதையும் இங்கேயே சொல்லுங்கள். டைனோசர் எலும்புக்கு இந்த முறை ஏன் உதவாது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

படி 5: சந்தேகத்தை வெட்டி எறியாதீர்கள்

புதிதாக எழுதுபவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. எளிமையாக்குகிறேன் என்று சொல்லி "சுமார்", "இடையே", "வாய்ப்புண்டு" போன்ற சொற்களைத்தான் முதலில் நீக்குகிறார்கள். படிக்கச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் எழுதியது பொய்யாகிவிடும்.

நம் உதாரணத்தில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. காற்றில் கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. அதனால் மர வளையங்களை வைத்துத் தயாரித்த திருத்த வளைகோட்டோடு (அளந்த கார்பன்-14 மிச்சத்தை உண்மையான ஆண்டோடு பொருத்திக் காட்டும் கோடு) ஒப்பிட்டே ஆண்டைச் சொல்கிறார்கள். அந்த வளைகோடு பொ.ஆ.மு. 800-லிருந்து 400 வரை ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. அந்தப் பகுதிக்குள் விழும் மாதிரிக்கு "இந்த ஆண்டுதான்" என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது, சில நூற்றாண்டு அகலமுள்ள இடைவெளிதான் கிடைக்கும். 580 விழுவதும் அதற்குள்தான்.

இதை எழுதினால் கீழடியின் பெருமை குறைந்துவிடுமோ என்று சிலர் தயங்குவார்கள். குறையாது. பிழை எல்லையோடு சொன்ன காலத்தைத்தான் துறை சார்ந்தவர்கள் மதிப்பார்கள். நாளைக்கு யாராவது வந்து கேட்டாலும் உங்கள் கட்டுரை நிற்கும்.

படி 6: வாக்கியங்களைப் பிரித்து எழுதுங்கள்

அறிக்கை நடையில் ஒரு வாக்கியம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "சேகரிக்கப்பட்ட கரிம மாதிரிகள் பகுப்பாய்வுக்கு உட்படுத்தப்பட்டு அளவுத்திருத்தம் செய்யப்பட்ட காலக்கணிப்பு பெறப்பட்டது." யார் என்ன செய்தார்கள் என்று உங்களையே கேட்டுக்கொண்டு திருப்பி எழுதுங்கள்: "தோண்டியவர்கள் கரிம மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கார்பன்-14 மிச்சத்தை அளந்தார்கள். மர வளையக் கணக்கோடு ஒப்பிட்டு ஆண்டைத் திருத்தினார்கள்." ஒன்று மூன்றாகியிருக்கிறது, இருக்கட்டும். "படுகிறது, பட்டது" குறைந்தாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

கலைச்சொல் கட்டுரைக்கு நான்கைந்துக்குமேல் வேண்டாம். ஒன்றை ஒருமுறை எந்தப் பெயரில் சொன்னீர்களோ, கடைசி வரை அதே பெயரில் சொல்லுங்கள்.

படி 7: திரைக்கு ஏற்ற ஒழுங்கு

பெரும்பாலோர் கைபேசியில்தான் படிப்பார்கள். நான்கு வரி வாக்கியம் அங்கே பத்து வரியாகத் தெரியும், பத்தியைச் சிறிதாக வையுங்கள். அட்டவணையைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள், தேடுபொறிக்கும் கிடைக்கும். பார்வையற்றோர் திரைவாசிப்பு மென்பொருள் வைத்துப் படிக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை எழுதினால்தான் அது அவர்களுக்குப் போய்ச் சேரும். "கீழடிப் படம்" என்று போட்டால் பயனில்லை. "அகழாய்வுக் குழியின் பக்கவாட்டுச் சுவர், மண்ணடுக்குகள் வெவ்வேறு நிறத்தில் தெரிகின்றன" என்று எழுதுங்கள்.

படி 8: இரண்டு பேரிடம் கொடுங்கள்

ஒருவர் துறை தெரிந்தவர், இன்னொருவர் அறவே தெரியாதவர். தெரியாதவரிடம் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார். "பானை ஓட்டுக்கு நேராக ஏன் வயது பார்க்கவில்லை?" என்று கேளுங்கள். அவர் கட்டுரையைப் பார்க்காமல் பதில் சொன்னால் வெளியிடலாம். இல்லையென்றால் இரண்டாம் படியில் எழுதிய முதல் பத்தியைத் திருத்துங்கள்.